வாசிகசாலை இணைய வேலைத்திட்டம்: அங்கத்தவர்களுக்கான நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

கம்பம் நாட்டி, கேபிள் இழுத்து, நான்கு பிரிவுகளின் லயங்களுக்கும் இணைப்புக் கொடுக்கும் வேலை நிறைவடைந்துவிட்டது. ஒப்பந்தக்காரரின் இறுதிக் கொடுப்பனவைச் செயற்குழு ஏன் நிறுத்தியது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கே இந்த விளக்கம்.

நம் இணைப்புகள் 160. இணையத்தில் சேர ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் முகவரி (IP) வேண்டும். வீடுகளை இணையத்தோடு சேர்க்கும் நுழைவுச் சேவையகத்தின் முகவரித் தொகுப்பில் பயன்படக்கூடியவை 254. தாராளமாகப் போதும். ஆயினும் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் முகவரி கிடைக்காமல் பல வீடுகள் தவித்தன. மேலும் ஒரு தொகுதி முகவரி வாங்க வேண்டுமென்று ஒப்பந்தக்காரர் விலைப்பட்டியல் நீட்டினார். கொடுத்து முடிக்கலாம் என்றார்கள் சிலர். நாங்கள் மறுத்தோம், இன்றும் மறுப்போம். அவர் விலை சொன்னவை 10 என்று தொடங்கும் உள்முகவரிகள். தத்தம் வலையமைப்புக்குள் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென 1996இலேயே ஒதுக்கப்பட்டவற்றுக்கு நம் உழைப்பாளிகளின் பணத்தை எப்படிக் கொடுப்பது?

ஹட்டனிலிருந்து வந்த தொழில்நுட்பத் தம்பி பதிவுகளைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. முகவரியைக் கொடுப்பதும் மீட்பதும், யார் இணையலாம் என்று சரிபார்த்துக் கணக்கு வைக்கும் ரேடியஸ் (RADIUS) சேவையகம். வீடு இணையக் கேட்கும் செய்தி அதன் 1812ஆம் போர்ட்டுக்கு, அதாவது செய்தி நுழையும் எண்ணிட்ட வாசலுக்கு, வரும். துண்டித்த செய்தி 1813க்கு வரவேண்டும். ஒப்பந்தக்காரர் 1812ஐ மட்டுமே திறந்திருந்தார். ஆகவே மின்தடையில் அறுந்த இணைப்பின் முகவரி மீளவே இல்லை. மின்சாரம் வந்ததும் அதே வீடு புதிய முகவரி கேட்டது. பழையதோ ஒரு நாள் குத்தகை (முகவரி ஒரு வீட்டுக்கு ஒதுக்கப்படும் காலம்) முடியும்வரை முடங்கிக் கிடந்தது. வீட்டுக்கு இரண்டென்றால் 320. 254 எப்படித் தாங்கும்?

இதைச் சொன்ன பிறகும் அவர் போர்ட்டைத் திறக்கவில்லை. குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். குத்தகையைப் புதுப்பிக்கும் செய்தியும் 1813க்கே வருவது. அது மூடியிருந்ததால், இணைப்பில் இருப்பவரின் முகவரியே காலாவதியாகி இன்னொரு வீட்டுக்குப் போனது. சாதாரண தரப் பிள்ளைகளின் இணைய வகுப்புகள் பாதியில் அறுந்தன. அன்றுதான் கொடுப்பனவை நிறுத்தத் தீர்மானித்தோம்.

தம்பி 1813ஐத் திறந்தார். இணைப்பு இன்னும் இருக்கிறது என்று சொல்லிக் குத்தகையைப் புதுப்பிக்கும் கணக்குச் செய்தி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரச் செய்தார். ஒரு பயனர் பெயருக்கு ஒரே இணைப்பு என்று வரையறுத்தார். சேவையகம் மறுபடி இயங்கினால் பழைய பதிவுகள் விடுபடவும் வழி செய்தார். ஒரு சதத்துக்கும் புதிய பொருள் வாங்கவில்லை. அதன் பின் மின்தடைகள் வந்தன, முகவரி தீரவில்லை.

கம்பம் சுமந்த மேற்பிரிவு இளைஞர்கள், பற்றரி தந்த பொகவந்தலாவை வர்த்தகர்கள், ஒரு நாள் சம்பளத்தை அப்படியே கொடுத்த கொழுந்து பறிக்கும் தாய்மார், கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் இருந்து பணம் அனுப்பிய நம் பிள்ளைகள், சீமெந்து கொடுத்த நோர்வூட் கடைக்காரர்கள், வேலையாட்களுக்குச் சோறு சமைத்த மாதர் சங்கத்தினர் அனைவருக்கும் நன்றி. முழுப் பெயர்ப்பட்டியல் வாசிகசாலைச் சுவரில் உள்ளது.

நிறுத்திய தொகை வங்கியில் இருக்கிறது. தம்பியின் கூலியைக் கழித்து மீதியைக் கொடுப்போம். சேவையகக் கடவுச்சொற்களை ஒப்பந்தக்காரர் எழுத்தில் ஒப்படைத்த பிறகு.

செயற்குழு