ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் உத்தி: ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுவோருக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடும் அனைவருக்கும் வணக்கம்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கற்பித்தல் பற்றிய ஆய்வுகள் வகுப்பறைக்கு வர வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருப்பது போலவே எனக்கும் இருக்கிறது. ஆனால் நான் போய்வந்த பயிற்சிகளில் காலையில் ப்ளூம், அப்புறம் பியாஜே, வைகாட்ஸ்கி எனக் கல்வி அறிஞர்களின் கோட்பாடுகள், சாப்பாட்டுக்குப் பிறகு செயலியில் பதிவேற்றம் என்று பொழுது போய்விடுகிறது. திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்குள் நுழைந்ததும் எதை மாற்றிச் செய்வது என்ற பேச்சுக்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும், காசே செலவாகாத விஷயங்கள் ஆய்வுகளில் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1974இல் எழுதினார். மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையும் இப்படித்தான். ஒரு பிரிவினர் பாடப்பகுதியைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். பாடம் நடத்திய அன்றே 'புரிந்ததா?' என்று கேட்டு நாம் ஏன் ஏமாந்து போகிறோம் என்பது இதிலேயே தெரிகிறது. இது மனப்பாடத்துக்கு வக்காலத்து அல்ல. மதிப்பெண்ணே போடாமல், நினைவைத் தட்டி எழுப்பும் சின்னக் கேள்விகளைத்தான் சொல்கிறேன்.

என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ஒளிச்சேர்க்கை முடிந்த அடுத்த வாரம், புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, 'விதை பெரிய மரமாகிறதே, அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டேன். ஆளுக்கொரு சிலேட்டு, எல்லோரும் எழுதி முடித்ததும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். 'மண்', 'மண்ணும் உரமும்', 'தண்ணீர்' என்றே வரிசையாக வந்தது. காற்று என்று எழுதியவர்கள் மிகச் சிலர். இதே பிள்ளைகள்தான் போன வாரம் கார்பன் டை ஆக்சைடு என்று கோரஸாகச் சொன்னார்கள், படத்துக்கு அழகாகப் பாகம் குறித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற அறிவியலாளர் தொட்டியில் ஐந்து ஆண்டு மரம் வளர்த்து, கடைசியில் மண் சுமார் இரண்டு அவுன்ஸ்தான் குறைந்தது என்று எடை போட்டுக் காட்டிய கதையைச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவரும் எடையெல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்றுதான் நினைத்தார் என்றதும், தண்ணீர் என்று எழுதியவர்கள் முகத்தில் ஒரு தெம்பு. அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் பாடம் முடிந்தது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

ஆய்வு வகுப்புக்குள் வராது என்று யாரும் சொல்ல முடியாது. தொடக்க வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறோம். வயதையும் வகுப்பையும் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பது, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பணியை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரிந்ததுதான். அது இங்கே கருத்தாக மட்டும் வரவில்லை. கையேடும் பயிற்சி நூலும் அன்றாட வேலைமுறையுமாக வந்தது. அதனால்தான் வகுப்புக்குள் நுழைந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து, அவர்களுக்கு உண்மையான பாடம் ஒன்றை நடத்திக் காட்டுங்கள். அது சொதப்பினாலும் பரவாயில்லை, அதிலிருந்துதான் நிறையப் பேச முடியும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பாதி நேரத்தை எங்களுக்கே விடுங்கள். பிள்ளைகள் எழுதிய தவறான பதில்களைக் கொண்டுவந்து, ஏன் இப்படி எழுதினார்கள் என்று உட்கார்ந்து பேசுகிறோம். வகுப்பைப் பார்வையிட வருபவர்களும் சுவரில் எத்தனை சார்ட் ஒட்டியிருக்கிறது என்று எண்ணாமல், கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தாரா, எத்தனை பிள்ளைகளிடமிருந்து பதில் வந்தது என்று பார்க்கட்டும்.

அடுத்த கல்வியாண்டுப் பயிற்சிக்கு அட்டவணை போடும் முன் இதைப் பரிசீலியுங்கள். முன்னோட்டமாகச் செய்து பார்க்க ஒரு வகுப்பு வேண்டுமென்றால், என் வகுப்பைத் தரத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியர்