கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுத் தரும் தம்பி தங்கைகளுக்கு

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, தேக்கா பக்கம் சிறு கடைகளுக்கு நெட்வொர்க் அமைத்துத் தரும் அனைவருக்கும் வணக்கம்.

வெளியாட்கள் நுழையாமல் நெட்வொர்க்கைக் காக்கும் தனி ஃபயர்வால் பெட்டி வாங்கச் சொன்னால் முதலாளி முகம் சுளிப்பார். அதனால் ஒரு சின்னக் கணினியில் லினக்ஸ் போட்டு, கேவிஎம்மில் (கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் வசதி) ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை ஓடவிடுகிறீர்கள். நல்ல யோசனைதான், நானும் செய்வதுதான். அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் பல இடங்களில் ஃபயர்வால் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதைச் சுமக்கும் ஹோஸ்ட், அதாவது அந்த லினக்ஸ் கணினி, நடுத்தெருவில் நிற்கிறது. வெளி இணைப்பு வந்து சேரும் பிரிட்ஜுக்கு (அந்த இணைப்பை ஃபயர்வாலுக்குக் கடத்தும், ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்), ஐபி முகவரியைத் தானாக வாங்கும் டிஹெச்சிபி வைத்துவிடுகிறீர்கள். பொது ஐபி முகவரி ஹோஸ்டுக்கே போகிறது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கிறது. ஹோஸ்டில் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆனவன் ஃபயர்வாலின் விதிகளை உடைக்கவே வேண்டாம், அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக்கொள்வான். அந்த பிரிட்ஜுக்கு ஐபி முகவரியே வேண்டாம். புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐயும் அதில் அணைத்துவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கணினியில் ஐஓஎம்எம்யு வசதி (ஒரு வன்பொருளை மெய்நிகர் கணினிக்குப் பத்திரமாகப் பிரித்துத் தருவது) இருந்தால், பிசிஐ பாஸ்த்ரூ என்ற நேரடி ஒப்படைப்பு மூலம் அந்த நெட்வொர்க் கார்டையே ஃபயர்வாலிடம் கொடுத்துவிடலாம்.

அப்புறம், பிங் என்ற இணைப்புச் சோதனை போகிறது, வலைப்பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் உடனே இணைய நிறுவனத்தைத் திட்டாதீர்கள். கேவிஎம் தரும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டான விர்ட்ஐஓவில் செக்சம் ஆஃப்லோடு (தகவல் பிழைச் சரிபார்ப்பைக் கார்டிடமே விட்டுவிடுவது) ஓடிக்கொண்டிருக்கலாம். ஓபிஎன்சென்ஸ் அமைப்பில் அதை நிறுத்திவிட்டு ரீபூட் செய்து பாருங்கள்.

ஹோஸ்டின் நிர்வாக முகவரியை ஃபயர்வாலின் டிஹெச்சிபியிடம் கேட்டு வாங்க வைக்காதீர்கள். மின்சாரம் போய் வந்தபின் ஃபயர்வால் எழுந்திருக்காவிட்டால், ஹோஸ்டுக்குள் நுழையவும் வழி இருக்காது. ஹோஸ்டுக்கு நிலையான முகவரி கொடுங்கள், ஃபயர்வால் தானாக எழ ஆட்டோஸ்டார்ட்டும் போடுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் கார்டில் பணம் வாங்கும் நெட்ஸ் இயந்திரம் செத்துக் கிடந்தால் முதலாளி உங்களுக்குத்தான் போன் போடுவார்.

வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண் வைத்திருக்கும் கடைக்கு 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பொறுப்பு உண்டு. பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. கணினிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள் மட்டும். எனவே வேலை முடிந்ததும், எந்த போர்ட்டில் எந்தக் கம்பி என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதி, ரூட் கடவுச்சொல்லோடு ஓர் உறையில் ஒட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குத் தனிக் காசு கேட்டாலும் தப்பில்லை.

அன்புடன்,
உங்களைப் போலவே கம்பி இழுக்கும் ஒருவன்