ஹாம்ப்டன் கட்ட மறுத்த 20 ஷில்லிங்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1640-களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர் பற்றி, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாடாளுமன்றப் படைத் தலைவர் கிராம்வெல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், அவருடைய அத்தை மகனான ஜான் ஹாம்ப்டனை 'கப்பல் வரி கட்ட மறுத்த பணக்கார நிலக்கிழார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். படிப்பவருக்கு ஏதோ காசு போகிறதே என்று முரண்டு பிடித்தவர் போலத் தோன்றும். அது அநியாயம்.

ஹாம்ப்டன் பணக்காரர்தான். பக்கிங்ஹாம்ஷயரில் பல ஊர்களில் அவருக்கு நிலம் இருந்தது. ஆனால் வழக்கு நடந்தது ஸ்டோக் மாண்டெவில் நிலத்துக்கு விதித்த 20 ஷில்லிங்குக்காக, அதாவது ஒரு பவுண்டுக்காக. அது அவருக்கு ஒரு தொகையே அல்ல. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னர் வரி விதிக்கலாமா என்பதே கேள்வி.

1629-க்குப் பிறகு 1640 வரை மன்னர் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவில்லை. ஆபத்துக் காலத்தில் கடற்கரை ஊர்களிடம் கப்பலோ அதற்கான பணமோ கேட்பது பழைய வழக்கம். அந்தக் கப்பல் வரியை 1635-ல் உள்நாட்டு மாவட்டங்களின் தலையிலும் கட்டினார். ஹாம்ப்டனின் வழக்கறிஞர் ஆலிவர் செயின்ட் ஜான் வைத்த வாதத்தை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. நாட்டைக் காக்கும் பொறுப்பு மன்னருடையது என்பதை அவர் மறுக்கவே இல்லை. ஆணை பிறந்தது ஆகஸ்டில். கப்பல்கள் வர வேண்டியதோ அடுத்த மார்ச்சில். நாடாளுமன்றத்தைக் கூட்ட 40 நாள் போதும். ஏறக்குறைய ஏழு மாதம் கையில் இருந்தும் ஏன் கூட்டவில்லை என்றுதான் கேட்டார். அதற்கு நேரான பதில் மன்னர் தரப்பில் இல்லை என்பதே என் எண்ணம்.

1638-ல் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம் நின்றார்கள். வழக்கு தோற்றது. ஆனால் 5 பேர் எதிராக நின்றதை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு வசூல் படுத்துவிட்டது. 1641-ல் நாடாளுமன்றம் அந்த வரியே சட்டவிரோதம் என்று சட்டம் இயற்றியது.

இதன் விலை என்ன என்று தெரியாமல் ஹாம்ப்டன் இறங்கவில்லை. மன்னர் கேட்ட கட்டாயக் கடனைத் தர மறுத்து, 1627-லேயே சிறை சென்றவர் அவர். அவருடைய நண்பரும் மன்னரை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஜான் எலியட், லண்டன் கோபுரச் சிறையில் 1632-ல் இறந்தார். சொந்த ஊரில் அடக்கம் செய்ய உடலைக் கேட்ட மகனுக்கு மன்னர் அதைக்கூடத் தரவில்லை. எலியட் சிறையில் இருந்தபோது அவருடைய மகன்கள்மேல் அக்கறை காட்டி, ஹாம்ப்டன் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த மனிதரைக் கட்டுரையில் காணவே இல்லை.

ஒரு திருத்தமும் உண்டு. கட்டுரை சொல்வதுபோல ஹாம்ப்டன் சால்குரோவ் போர்க்களத்தில் இறக்கவில்லை. அங்கே 1643 ஜூன் 18 அன்று காயம்பட்டு, ஆறு நாள் கழித்து தேம் ஊரில் இறந்தார். அடுத்த பகுதியில் இதைத் திருத்துவதோடு, 1642 ஜனவரி 4 அன்று சார்லஸ் ஆயுதமேந்திய ஆட்களுடன் வந்து, நாடாளுமன்ற அவைக்குள் நுழைந்து கைதுசெய்யத் தேடிய ஐவரில் இவரும் ஒருவர் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்