நூலகத்தில் எங்களுக்கு ஒரு மேசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகத் திண்ணையில் பெரியவர்கள் கூடிப் பகடை உருட்டுவதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் இதழில் படித்தேன். வேலைவெட்டி இல்லாதவர்களின் சூதாட்டம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

முதலில் வேலைவெட்டியைப் பற்றி. நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். நெல் வரத்து தொடங்கிவிட்டால், காலையில் ஈரப்பதம் பார்ப்பதில் ஆரம்பிக்கும் நாள், 40 கிலோ சிப்பங்கள் லாரி ஏறி முடியும் வரை ஓயாது. மேகம் திரண்டுவிட்டால் இரவுத் தூக்கமும் இல்லை. என்னோடு ஆடுபவர்களில் ஒருவர் மினி பஸ் ஓட்டுநர். ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர். மாவு மில் நடத்தும் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். மருந்துக் கடையை மூடிவிட்டு ஓடிவருகிற தம்பி ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு நேரம் நிறைய இருப்பதால் ஆடவில்லை. இருக்கிற கொஞ்ச நேரத்தையும் கைபேசி தின்றுவிடுகிறதே என்ற ஆதங்கத்தில்தான் ஆடுகிறோம்.

ஆடுவது கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். “நீங்கள் மதகின் மேல் நிற்கிறீர்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, என்ன செய்வீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். அவரவர் பாத்திரம் என்ன செய்யும் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். செய்ய நினைத்தது கைகூடுமா என்ற ஐயம் எழும் இடத்தில் மட்டும் பகடை உருளும். இதில் ஒருவர் வென்று இன்னொருவர் தோற்பதில்லை. பந்தயமும் இல்லை, மேசை மேல் ஒற்றை ரூபாய் கூட வைப்பதில்லை. இதைச் சூது என்று எழுதியது எங்கள் குழுவில் உள்ள பெண்களை மிகவும் புண்படுத்திவிட்டது.

இந்த வகை ஆட்டம் அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. இன்று அதன் விதிநூல்கள் பல நூறு பக்கங்கள். வாரந்தோறும் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து, ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. மாணவப் பருவத்தில் அது நடக்கும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, வயலுக்கு முறைத் தண்ணீர் என்று ஓடுகிறவருக்கு அது ஆகாது. அந்தத் தடித்த நூலைப் பார்த்துவிட்டு “இது நமக்கில்லை” என்று ஒதுங்கியவர்கள் பலர். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் சின்ன ஆட்டங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஜான் ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட விண்வெளிக் கதை ஆட்டத்தின் விதிகள் மொத்தமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அதில் பாத்திரத்துக்கு ஒரே ஒரு எண்தான். 2009இல் வந்த ‘ஃபியாஸ்கோ’வுக்குக் கதை நடத்துபவரே வேண்டாம், ஒரே மாலையில் முடிந்துவிடும். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டிப் படித்துவர வேண்டிய வீட்டுப்பாடம் கிடையாது. வேலை முடிந்து வருகிறவரிடம் வீட்டுப்பாடம் கேட்கிற எந்தப் பொழுதுபோக்கும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்குப் பொருந்தும்படி அவற்றை இன்னும் சுருக்கிக்கொண்டோம். பல முகப் பகடைகளைத் தேடி அலையவில்லை, வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டையே போதும். ஒரு கட்டைக்கு நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, பிறகு ஒரு வெறும் முகம். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 வகையில் விழலாம். இரண்டும் வெறும் முகமாக விழுந்தால் 12, ஒற்றைப் புள்ளி மட்டும் விழுந்தால் தாயம். தாயம், 5, 6, 12 ஆகியவை விழுவது 6 வகையில். 2, 4 இரண்டும் சேர்ந்து 6 வகை. 3 மட்டும் 4 வகை. தாய ஆட்டத்தில் மறுபடி உருட்டும் உரிமை தருகிற அந்தத் தாயம், 5, 6, 12 விழுந்தால் நினைத்தது நடக்கும். 2, 4 விழுந்தால் நடக்காது, நிலைமை மோசமாகும். 3 விழுந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். விதி இவ்வளவே. தாயம் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் ஒரே மூச்சில் விளங்கிவிடும். கதையைச் சுவையாக்குவது அந்த 3தான்.

நேரத்தையும் கறாராக வைத்துக்கொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை 6 முதல் 8 வரை. யாருக்கு எந்த நாள் வசதி என்று கேட்கவே மாட்டோம், கேட்டால் ஒருநாளும் கூட முடியாது. வந்தவர்களோடு தொடங்கிவிடுவோம். கதை அன்றே தொடங்கி அன்றே முடிய வேண்டும், வராதவருக்காக எதுவும் பாக்கி நிற்கக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். மூன்று பேர் வந்தால் மூன்று பேர் கதை, அதில் குறையொன்றும் இல்லை.

என்ன கதை ஆடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் வெள்ளக் கதையைத்தான் சொல்வேன். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளம் எங்கள் பகுதியில் இன்னும் பேச்சில் இருக்கிறது. அந்த இரவில் ஆற்றங்கரைக் கற்பனைக் கிராமம் ஒன்று. கரை உடையும் நிலையில் இருக்கிறது. எதிர்க்கரையை வெட்டிவிட்டால் நம் ஊர் தப்பும், அந்த ஊர் மூழ்கும். மினி பஸ் ஓட்டுநர் கரைக் காவலுக்குப் போனவராக இருந்தார். மில்காரர் நிலக்கிழாரின் கணக்குப்பிள்ளை. “மண்வெட்டியை எடுங்கள், விடிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் கணக்குப்பிள்ளை. அங்கன்வாடி அக்காவின் பாத்திரத்துக்கு எதிர்க்கரையில்தான் பிறந்த வீடு. மண்வெட்டியைப் பிடுங்க அவர் கட்டையை உருட்டினார், 3 விழுந்தது. மண்வெட்டி கைக்கு வந்தது. இழுபறியில் கட்டியிருந்த பரிசல் அறுத்துக்கொண்டு போய்விட்டது. இனி நம் கரை உடைந்தால் தப்ப வழியில்லை. அப்போது மூண்ட விவாதத்தை நான் எந்தக் கிராம சபையிலும் கேட்டதில்லை. தலைமடைக்காரர் கடைமடைக்காரரிடம் எதைக் கேட்க உரிமை உண்டு, யாருடைய நிலத்தைக் காக்க யார் வீட்டைக் கொடுப்பது என்று, நாளும் கூலிக்கும் சம்பளத்துக்கும் ஓடுகிற மனிதர்கள் அவ்வளவு ஆழமாகப் பேசினார்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஓட்டுக் கூரை காற்றில் பிய்வதைக் கதை நடத்துபவர் வருணிக்கத் தொடங்கியதும், அக்கா மேசை நடுவில் இருந்த எக்ஸ் எழுதிய அட்டையைத் தொட்டார். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய முறை இது. அதைத் தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நாங்கள் கேட்கவில்லை. கூரையை விட்டுவிட்டுக் கதை கோயில் மண்டபத்துக்குப் போனது. அவர் முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர், 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த இரவை அங்கே கழித்தவர். அவராகவே பின்னொரு நாள் இதைச் சொன்னார். பெரியவர்கள் ஆடும் மேசையில் பகடை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். இந்த அட்டை கட்டாயம் வேண்டும். ஒவ்வொருவரும் எதையோ சுமந்துகொண்டுதான் வந்து உட்காருகிறார்கள்.

இனி வேண்டுகோளுக்கு வருகிறேன். கிளை நூலகம் மூடும் நேரத்தில்தான் எங்கள் நேரம் தொடங்குகிறது. அதனால் பூட்டிய கதவுக்கு வெளியே, தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்காருகிறோம். மழை வந்தால் ஆட்டம் கலைகிறது. டீக்கடையில் உட்காரலாமே என்று ஆண்களுக்குச் சொல்லிவிடலாம், பெண்கள் எங்கே உட்காருவது? யார் வீட்டிலாவது கூடினால் அந்த வீட்டுப் பெண் அடுப்படியில் நின்றுவிடுகிறார், ஆட்டத்துக்கு வருவதில்லை. எல்லோருக்கும் பொதுவான, யாரும் யாருக்கும் காபி போட வேண்டாத கூரை என்று பார்த்தால் ஊரில் நூலகம் ஒன்றுதான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள்தாம் நாங்கள். மாதத்தில் ஒரு மாலை, மூடிய பிறகு இரண்டு மணி நேரம், ஒரு மேசையும் ஆறு நாற்காலியும் கேட்கிறோம். பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு உட்காருகிறோம். மின் கட்டணத்தில் எங்கள் பங்கைச் செலுத்துகிறோம். கூட்டிப் பெருக்கி விளக்கணைத்துச் சாவியை ஒப்படைக்கும் பொறுப்பும் எங்களுடையது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இதற்கு இசையும் நூலகர் எவரேனும் இருந்தால், விதிகளை ஒரே தாளில் எழுதித் தருகிறேன், நேரில் வந்து முதல் ஆட்டத்தை நடத்தியும் காட்டுகிறேன். அந்தக் கடிதம் எழுதிய வாசகரையும் அன்போடு அழைக்கிறேன், அவருக்கும் ஒரு பாத்திரம் வைத்திருப்போம். குறுவை நெல் வரத் தொடங்கிவிட்டால் என்னால் நகர முடியாது. ஆகவே ஆடி முடிவதற்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நீடாமங்கலம்