பிரான்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: லோங்வி வானொலியை நினைத்துக்கொண்டு ஓட்டுப் போடுங்கள்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

சமூக வானொலிகளுக்கான ஆதரவு நிதியில் கை வைக்கும் பேச்சு அடுத்தடுத்து இரண்டு பட்ஜெட்டுகளில் வந்துவிட்டது. 2025 பட்ஜெட்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. 2026 வரைவிலோ வெட்டு 40 சதவீதத்தையும் தாண்டியது. இந்த நாட்டில் குடியேறி வாழ்கிறவன் என்ற முறையில் ஒரு பழைய கதையை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1979 மார்ச் 17. லொரேன் பகுதியின் லோங்வி நகரம். எஃகு ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை பறிபோகப் போகிறது என்ற நிலையில், செஜெதே (CGT) தொழிற்சங்கம் நகர மண்டபத்தில் மைக்கை வைத்து 'லொரேன் கேர் தாசியே' (லொரேன், எஃகு இதயம்) என்ற வானொலியைத் தொடங்கியது. வேலைப் பறிப்பை எதிர்த்து மார்ச் 23 அன்று நடந்த பாரிஸ் பேரணிக்கு ஆள் திரட்டத்தான் முதலில் ஆரம்பித்தார்கள். பேரணி முடிந்தும் வானொலி நிற்கவில்லை. ஒலிபரப்பு அரசின் ஏகபோகமாக இருந்த காலம் அது, அதனால் அது சட்டவிரோத வானொலி. அரசு அலைவரிசையைக் குலைத்தது, போலீஸ் வந்துவிடக் கூடாதென்று ஊர்மக்களே காவல் நின்றார்கள்.

அங்கே என்னதான் பேசினார்கள்? மார்செல் த்ரியா, ஜாக் துபோன் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் நடத்தினார்கள், ஆனால் மைக் யாருக்கும் திறந்திருந்தது, தொலைபேசியில் அழைத்தால் நேராக ஒலிபரப்பில் பேசலாம், சங்கத்தையே திட்டலாம். கருக்கலைப்பு பற்றிப் பெண்கள் பேசினார்கள். ஆலைகளில் உழைத்த குடியேறிகளுக்கும் அங்கே இடமிருந்தது, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய விஷயம். அப்போது அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த ஜெரார் நுவாரியேல் அந்த வானொலியில் வரலாற்று நிகழ்ச்சி நடத்தினார். பின்னாளில் பிரான்சின் குடியேற்ற வரலாற்றை எழுதிய முக்கியமானவர்களில் ஒருவர் அவர்.

இவ்வளவு சுதந்திரத்தைச் சங்கத் தலைமையாலேயே தாங்க முடியவில்லை, 1980 கோடையில் அந்த இரண்டு பத்திரிகையாளர்களையும் விலக்கிவிட்டது. அப்புறம் வானொலி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வானொலிகள் கொடுத்த அழுத்தத்தில்தான் 1981 நவம்பரில் ஏகபோகத்தில் ஓட்டை விழுந்தது, 1982-இல் ஒலிபரப்புச் சுதந்திரச் சட்டமே வந்தது. இந்த ஆதரவு நிதிக்கும் அதே சட்டம்தான் வேர்.

சரி, வெட்டினால் என்ன, விளம்பரம் பிடித்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்கிறீர்களா? நிதி பெற வேண்டுமானால் விளம்பர வருமானம் மொத்தத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி போட்டதே நீங்கள்தான். ஒரு கையால் விளம்பரத்தைத் தடுத்துவிட்டு மறுகையால் நிதியையும் பறித்தால், கிராமத்து வானொலி இருக்கிற ஒன்றிரண்டு ஊழியர்களை அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்யும்? இப்படிச் சுமார் 750 வானொலிகள் இருக்கின்றன.

இந்த நிதியை ஆண்டுதோறும் பேரம் பேசும் பொருளாக வைத்திருக்காதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான தொகையைச் சட்டத்திலேயே எழுதுங்கள், விலைவாசியோடு சேர்ந்து அது உயரட்டும். அடுத்த வரைவில் மறுபடியும் வெட்டு வந்தால், உங்கள் தொகுதி வானொலிக்குப் போய் அதன் மைக்கின் முன் உட்கார்ந்து, நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போடப் போகிறீர்கள், ஏன் என்று மக்களுக்குச் சொல்லுங்கள்.