கிணற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு பெண்கள் பகுதியில் கருச்சிதைவு பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வயது, நிறை, தைரொயிட், மன அழுத்தம் எல்லாம் இருந்தன. நாங்கள் குடிக்கும் தண்ணீர் மட்டும் இல்லை.

என் மருமகளுக்கு இரண்டு தரம் மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. பார்க்க வந்தவர்கள் கேட்டவை எனக்கு இன்னும் மனப்பாடம். பாரம் தூக்கினவளோ, ஸ்கூட்டியில் திரிந்தவளோ, சாதகம் பார்த்தீர்களோ? வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் கேட்டேன். மகன் வெங்காயத்துக்குப் பூச்சிமருந்தடித்துவிட்டு வந்து கழற்றிப் போடும் சேர்ட்டையும் சாரத்தையும் அவள்தான் கிணற்றடியில் வெறுங்கையால் கும்மித் தோய்ப்பாள். அந்தத் தண்ணீர் வாழைக்கு ஓடும். வாழைக்கும் கிணற்றுக்கும் பத்தடி இருக்காது. இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, கிளினிக்கிலும் கேட்கவில்லை.

இதனால்தான் கலைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். அதற்கு வடிகட்டத் தெரியாது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியாவும், இரண்டு பரப்புச் சின்னக் காணிக்குள் கிணற்றோடு ஒட்டி வெட்டிய மலக்குழியின் ஊறலும் நைத்திரேற்று என்ற உப்பாகிக் குடிதண்ணீரில் கலக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. கேத்திலில் படியும் வெள்ளைக் கல்லுக்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம். அது வெறும் சுண்ணாம்பு. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. காய்ச்சிக் குடித்தாலும் போகாது. நீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறியும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், 1990களின் தொடக்கத்தில், அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மூன்று பெண்களுக்கு மொத்தம் ஆறு கருச்சிதைவுகள். மூவர் வீட்டுக் கிணற்றிலும் நைத்திரேற்று அதிகம். நைத்திரேற்று இல்லாத தண்ணீருக்கு மாறிய பிறகு மூவரும் நிறைமாதத்தில் பிள்ளை பெற்றார்கள். அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 1996 இல் இதை வெளியிட்டபோது, தொடர்பு இருக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. மூன்று பேரை வைத்து நிரூபிக்க முடியாதுதான். எனக்கு உறைத்தது வேறு: அங்கே யாரோ ஒருவர் அந்தக் கிணறுகளைச் சோதித்திருக்கிறார்.

பக்கத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணற்றில் மிதந்தது, மணத்தது, சனம் தெருவுக்கு இறங்கியது, 2019 இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மணக்காததற்கு யார் தெருவுக்கு இறங்குவார்?

உரத்தை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. 2021 இல் அரசு இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தியதால் தோட்டக்காரர் பட்ட பாடு போதும். நான் கேட்பது சின்ன விஷயம். கர்ப்பிணியைப் பதியும்போது இரத்தம் சோதிக்கிறார்கள், நிறை பார்க்கிறார்கள், திரிபோஷா சத்துமா கொடுக்கிறார்கள். அதோடு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் வாங்கி நைத்திரேற்றும் பார்க்கக் கூடாதா? அளவு கூடினால் அந்த வீட்டுக்குப் பிள்ளை பிறக்கும்வரையாவது, தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையென்றால் அதற்குப் பிறகும், பிரதேச சபை பவுசரில் தண்ணீர் கொடுக்கட்டும். யாழ்ப்பாணக் கடற்கரைத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தாயிற்று. குழாய்தான் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. மருந்தடித்த வெங்காயத்தில் மறுநாளே புல்லுப் பிடுங்கப் போகும் கூலிப் பெண்களுக்கு, எத்தனை நாள் பொறுத்து இறங்க வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லவும் ஆள் வேண்டும். போத்தலில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை.

மருமகளுக்கு இப்போது நான்காம் மாதம். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் விலைக்கு வாங்குகிறோம். மருந்தடித்த சேர்ட்டை மகனே தோய்க்கிறான், அரைகுறையாக.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நீர்வேலி.