சிகோனோஸ் பணிக்கு நன்கொடை வேண்டுகிறோம்

நண்பர்களுக்கு வணக்கம். மோதலும் உராய்வும் உள்ள இயக்கங்களைக் கணினியில் கணக்கிடும் சிகோனோஸ் என்ற இலவச மென்பொருளுக்காக எழுதுகிறோம். அது எதற்கு என்பதை ஒரு பந்திலிருந்து தொடங்குவோம்.

ஒரு ரப்பர் பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுகிறீர்கள். ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் வந்த வேகத்தில் 80 சதவீதத்தோடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் துள்ளல் 64 சென்டிமீட்டர், அடுத்தது 41, அப்புறம் 26. கணக்குப்படி துள்ளல்களுக்கு முடிவே கிடையாது, ஆனால் அத்தனையும் சுமார் 4 நொடிக்குள் நடந்து முடிந்துவிடும். ஒவ்வொரு மோதலையும் கண்டுபிடித்து, நிறுத்தி, மறுபடி தொடங்குகிற சாதாரண நிரல் அந்த நாலாவது நொடியை நெருங்க நெருங்க அங்கேயே மாட்டிக்கொள்ளும். எங்கள் மாணவர்கள் இதை முதல்முறை எழுதிப் பார்த்துவிட்டு, ஓடாமல் நிற்கும் திரையைப் பார்த்துத் தங்கள் நிரலில்தான் பிழை என்று இரவெல்லாம் தேடியிருக்கிறார்கள். பிழை அவர்களிடம் இல்லை, அந்த வழிமுறையிலேயே இருக்கிறது.

இதற்கு வழி சொன்னவர் மான்பெலியேயில் வேலை பார்த்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான் ழாக் மொரோ (1923–2014). மோதல்களைத் துரத்தாதே, ஒரு சின்னக் காலத்துணுக்கை எடுத்துக்கொள், அதற்குள் எத்தனை மோதல் நடந்தாலும் மொத்தக் கணத்தாக்கு (விசையும் அது நீடித்த நேரமும் சேர்ந்த அளவு) எவ்வளவு என்று மட்டும் கேள் என்பதுதான் அவருடைய வழியின் சாரம். அந்த வழியில் நடக்கும் திறமூல மென்பொருள்தான் சிகோனோஸ். பிரான்சின் கிரெனோபிளில் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்தது. உள்ளே சி++ நிரல்மொழி, வெளியே பயன்படுத்துவோருக்குப் பைத்தான் மொழி, அப்பாச்சி 2.0 உரிமம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம்.

பந்தோடு நிற்கிற விஷயம் இல்லை இது. இரண்டு கற்கள் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவில் விசை இருக்கலாம், இடைவெளி இருந்தால் விசை இருக்கவே முடியாது; இந்த ஒரு வரி நிபந்தனையை ஆயிரக்கணக்கான தொடுபுள்ளிகளில் உராய்வோடு சேர்த்து ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும் என்னும்போதுதான் அதன் கனம் தெரியும். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் மின்பாகமான டையோடுக்கும், அதன் இலட்சிய வடிவில், இதே கதைதான், மின்னோட்டம் போகும்போது அதன் குறுக்கே மின்னழுத்தம் இல்லை, மின்னழுத்தம் எதிராக நின்றால் மின்னோட்டம் இல்லை. மலையில் உருளும் பாறையும் நான்கு டையோடுகள் சேர்ந்த டையோடு பாலம் என்ற மின்சுற்றும் ஒரே மென்பொருளுக்குள் உட்காருவது எங்களுக்கு இன்றும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கரும்பலகையில் சாக்பீஸை அதன் நுனி முன்னால் போகும்படி சாய்த்துத் தள்ளினால் அது குதித்துக் குதித்துப் புள்ளிக்கோடு போடுமே, அதைச் சொல்லிக்கொடுக்கும்போது, விறைப்பான பொருளும் உராய்வும் சேர்ந்தால் சில நிலைகளில் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லாமல் போகும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பென்லவே 1895இல் காட்டியதையும் சேர்த்துச் சொல்வோம். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

சரி, இலவச மென்பொருளுக்கு ஏன் பணம்? நாங்கள் ஒன்பது பேர், ஆசிரியர்களும் பொறியாளர்களும், மூன்று வருடமாக இதைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, கிடைக்கும் பிழைகளைத் திருத்தி மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். சிகோனோஸைக் கட்ட, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் மென்பொருளாக ஆக்க, சிமேக், பூஸ்ட், ஸ்விக், பிளாஸ், லாபேக் என்ற துணை மென்பொருள்கள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். போன வருடம் ஆய்வகக் கணினிகளில் பைத்தான் பதிப்பு மாறியதும் எதுவுமே கட்டப்படவில்லை, மூன்று வார இறுதி அதிலேயே போனது, பயிற்சிக்கு வந்த மாணவர்களைத் திருப்பி அனுப்பினோம். அது இன்னும் மனதில் உறுத்துகிறது. தினமும் இரவில் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஒரு சர்வர் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்திருக்கும்.

எனவே ஒரு வருடத்துக்கு 2,40,000 ரூபாய் வேண்டும். சர்வர் வாடகை மாதம் 4,000, ஆக 48,000. மீதி 1,92,000 இரண்டு மாணவர்களுக்கு, தலைக்கு மாதம் 8,000; அவர்கள்தான் சோதனைகளைக் கவனிப்பார்கள், தமிழ்க் கையேட்டை எழுதி முடிப்பார்கள். படிக்கிற பிள்ளைகளிடம் சும்மா வேலை வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. குழுவில் இருப்பவர்கள் யாரும் ஒரு பைசா எடுப்பதில்லை.

500 ரூபாய் கொடுத்தாலும் பெரிய உதவி. பணமாக முடியாதவர்கள், பழைய ஆனால் ஓடுகிற கணினி இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். எங்களில் யாரிடம் கொடுத்தாலும் அன்றே ரசீது வரும், வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்புவோம். சர்வருக்கு முதல் மூன்று மாத வாடகை 12,000 சேர்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடுகிறோம்.

அன்புடன்,
குழுவினர்